குருதியும் தோலும்: கார்ல் லாண்ட்ஸ்டைனர் வரலாறு

நம் பல்கலைக்கழக அடையாளச் சீட்டில் பெயருக்கும் துறைக்கும் கீழே ஓர் எழுத்து அச்சிடப்பட்டிருக்கிறது. சிலருக்கு ஏ, சிலருக்கு பி, சிலருக்கு ஓ. வேறு சிலருக்கு ஏபி என்று இரண்டெழுத்து. விபத்தில் அடிபட்டு மருத்துவமனையில் கிடக்கும் வேளையில் நம் பட்டத்தையும் மதிப்பெண்ணையும் யாரும் கேட்கப் போவதில்லை. இந்த எழுத்தைத்தான் கேட்பார்கள். இதை உலகுக்கு அளித்தவர் கார்ல் லாண்ட்ஸ்டைனர் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம், பரீட்சையில் எழுதினோம், பிறகு மறந்தும் போனோம்.

அந்த அறிஞருக்கு வேறொரு பக்கமும் உண்டு. குருதியை ஆராய்ந்து புகழ் பெற்றவர், தம் முதுமையில் தோலை ஆராய்ந்தார். ஒரு பொருள் தோலில் பட்டுப் புண்ணாகும்போது, அந்தப் பொருள் எல்லோரையும் சுடுகிறதா, அல்லது குறிப்பிட்ட சிலரை மட்டுமே வாட்டுகிறதா என்பதைச் சோதனைச்சாலையில் பிரித்தறியும் கலைக்கு அவர் செய்த வேலையே அடிப்படை. இரசாயனம் பயிலும் நமக்கு இது அன்றாடம் வேண்டிய அறிவு. எனக்கோ அதற்கும் மேலே ஒரு காரணம் இருக்கிறது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

என் தந்தை விழுப்புரத்துக்கு அருகே ஒரு சிற்றூரில் பிறந்தவர். பிழைப்புத் தேடி இந்நகருக்கு வந்து கொத்து வேலை பார்த்தார். பூச்சு வேலையில் அவருக்கு நல்ல பெயர். பத்து ஆண்டுகள் கரண்டி பிடித்த கை அது. நான் எட்டாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்த போது அந்தக் கைகளில் அரிப்பு கண்டது, தோல் தடித்தது, நீர் வடிந்தது, விரல் இடுக்குகள் பிளந்தன. ஓய்வெடுத்தால் ஆறும், கலவையைத் தொட்டால் இரண்டே நாளில் திரும்பி வரும். அவரோடு அதே மூட்டைச் சிமெண்டைக் குழைத்தவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆகவே மேஸ்திரி அதை நோய் என்று நம்பவில்லை. வேலைக்குக் கள்ளத்தனம் என்றார். இறுதியில் அப்பா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, பாதிக் கூலிக்கு இரவுக் காவல் வேலைக்குப் போனார். அவருக்கு மட்டும் ஏன் என்ற கேள்வி எங்கள் வீட்டில் பல ஆண்டுகள் பதிலின்றி இருந்தது. அதே கேள்வியை வேறு விதத்தில் வாழ்நாள் முழுதும் கேட்டவர் லாண்ட்ஸ்டைனர். அதனாலேயே அவர் வரலாற்றை எழுத முன்வந்தேன்.

இளமை

1868-ஆம் ஆண்டு ஜூன் 14-ஆம் நாள், ஆஸ்திரியாவில் வியன்னா நகருக்கு அருகேயுள்ள பாடன் என்னும் ஊரில் கார்ல் பிறந்தார். தந்தை லியோபோல்டு பெயர் பெற்ற பத்திரிகையாளர். கார்லுக்கு ஆறு வயதாக இருக்கும்போதே அவர் காலமானார். அதன் பின் தாய் ஃபானியே அவருக்கு எல்லாமும் ஆனார். தாய் இறந்தபோது முகத்தை அச்செடுத்து வைத்துக்கொண்டு, தம் இறுதிக்காலம் வரை அதைச் சுவரில் மாட்டி வைத்திருந்தார் மகன். அதிகம் பேசாதவர், கூட்டத்தை விரும்பாதவர், பியானோவை மிக நன்றாக வாசிப்பவர் என்று அவரை அறிந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள்.

வியன்னாப் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயின்று 1891-இல் பட்டம் பெற்றார். உடனே தொழில் தொடங்கிப் பொருள் ஈட்டியிருக்கலாம். அவரோ மருத்துவத்தின் கதவைத் திறக்க இரசாயனமே சாவி என்று எண்ணினார். ஏறக்குறைய ஐந்தாண்டுக் காலம் சோதனைச்சாலை சோதனைச்சாலையாகச் சென்று பயின்றார். வூர்ஸ்பர்க்கில் எமில் ஃபிஷர், மியூனிக்கில் பாம்பெர்கர், சூரிச்சில் ஹான்ட்ஷ் ஆகியோர் அவருக்கு ஆசான்களாக வாய்த்தனர். நம் பாடப் புத்தகங்களில் இன்றும் வரும் பெயர்கள் இவை. டாக்டர் பட்டம் பெற்றவர் மீண்டும் மாணவராகிக் குடுவை கழுவியது வீண்போகவில்லை என்பதைப் பின்னால் காண்போம்.

குருதி

1898 முதல் 1908 வரை வியன்னாவின் உடற்கூற்று நோயியல் நிலையத்தில் உதவியாளராக இருந்தார். பிணங்களை அறுத்துச் சோதிப்பதே அங்கு அவருக்கு முக்கிய வேலை. அந்தப் பத்தாண்டில் 3,600-க்கும் மேற்பட்ட பிணச் சோதனைகளைச் செய்தார் என்பர். அந்த வேலைக்கிடையே கிடைத்த நேரத்தில்தான் அவருடைய மாபெரும் கண்டுபிடிப்பு நிகழ்ந்தது.

ஒருவர் இரத்தத்தை மற்றொருவர் உடலில் ஏற்றினால், சிலர் பிழைத்தார்கள். சிலர் துடித்து இறந்தார்கள். நோயே காரணம் என்று பலர் நினைத்தனர். லாண்ட்ஸ்டைனர் தம் இரத்தத்தையும், உடன் பணியாற்றிய நலமான மனிதர்களின் இரத்தத்தையும் எடுத்தார். ஒவ்வொன்றிலும் சிவப்பணுக்களை வேறாகவும், சீரம் என்னும் தெளிநீரை வேறாகவும் பிரித்தார். ஒருவருடைய தெளிநீரில் மற்றவருடைய அணுக்களை இட்டுப் பார்த்தார். சில கலவைகளில் அணுக்கள் திரிந்த பால் போலக் கட்டிக்கொண்டன. சிலவற்றில் அமைதியாக இருந்தன. கட்டுவதிலும் கட்டாமையிலும் ஓர் ஒழுங்கு இருந்தது. 1901-இல் மூன்று வகைகளை வெளியிட்டார். நான்காவதான ஏபி வகையை அடுத்த ஆண்டே டிகாஸ்டெல்லோவும் ஸ்டூர்லியும் கண்டனர். 1907-இல் நியூயார்க்கில் ஆட்டன்பெர்க் என்னும் மருத்துவர், இரத்தம் ஏற்றுமுன் பொருத்தம் பார்க்கும் வழக்கத்தைத் தொடங்கினார்.

இதில் ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். ஏ வகை இரத்தத்தில் குற்றமேதும் இல்லை. அது பி வகை மனிதனின் உடலில் புகும்போதுதான் கேடு விளைகிறது. பொருளை மட்டும் பார்த்தால் போதாது. பொருளும் ஏற்கும் உடலும் சந்திக்கும் சந்திப்பையும் பார்க்க வேண்டும். லாண்ட்ஸ்டைனரின் பிற்கால ஆராய்ச்சிகள் யாவும் இந்த ஒரு விதையிலிருந்து முளைத்தவை என்று சொன்னால் மிகையாகாது.

வறுமையும் ஹாப்டெனும்

1908-இல் வில்ஹெல்மினா மருத்துவமனையில் பிணச் சோதனைத் தலைவரானார். எர்வின் பாப்பருடன் சேர்ந்து, இளம்பிள்ளை வாதத்தைக் குரங்குகளுக்குப் பரப்பிக் காட்டி, அது கிருமி வடிகட்டியிலும் தங்காத நச்சுயிரியால் வருவது என்பதற்கு வழி திறந்தார். 1911-இல் பேராசிரியர் பட்டம் கொடுத்தார்கள். அதற்குரிய சம்பளம் கொடுக்கவில்லை!

முதல் உலகப் போர் வந்தது. 1916-இல் ஹெலன் விலாஸ்டோ என்னும் பெண்மணியை மணந்தார். மறு ஆண்டு ஒரு மகன் பிறந்தான். போரில் ஆஸ்திரியா தோற்றுச் சிதறியது. வியன்னாவில் உணவும் இல்லை, குளிர்காய விறகும் இல்லை. 1919-இல், தம் ஐம்பத்தொன்றாம் வயதில், மனைவியையும் கைக்குழந்தையையும் அழைத்துக்கொண்டு ஹாலந்து நாட்டின் ஹேக் நகருக்குக் குடிபெயர்ந்தார். சிறிய கத்தோலிக்க மருத்துவமனை ஒன்றில் சிறுநீரும் இரத்தமும் சோதிக்கும் வேலை கிடைத்தது. உலகின் மருத்துவ முறையையே மாற்றிய மனிதர் அயலூரில் அப்படிப் பிழைத்தார். ஊர் விட்டு ஊர் வந்து படிக்கும் நமக்கு அந்த வாழ்வு ஓரளவு விளங்கும்.

ஆனால் அங்கேயும் ஆராய்ச்சி நிற்கவில்லை. வியன்னாவிலேயே அவர் ஒரு வேலையைத் தொடங்கியிருந்தார். சிறிய இரசாயன மூலக்கூறுகளை டயசோ இணைப்பின் மூலம் புரதத்தோடு கட்டி, அந்தப் புரதத்தை முயலுக்குச் செலுத்தினார். முயலின் உடல் அந்தச் சின்னஞ்சிறு மூலக்கூறுக்கே எதிர்ப்பொருளை உண்டாக்கியது. பென்சீன் வளையத்தில் ஓர் அமிலத் தொகுதி ஆர்த்தோவில் இருக்கிறதா, மெட்டாவில் இருக்கிறதா, பாராவில் இருக்கிறதா என்பதைக் கூட அந்த எதிர்ப்பொருள் வேறுபடுத்தி அறிந்தது. நாம் தேர்வுக்கு முதல் நாள் குழப்பிக்கொள்ளும் விஷயத்தை முயலின் இரத்தம் குழப்பமின்றிக் கண்டுகொண்டது!

அதே மூலக்கூறைத் தனியே செலுத்தினால் உடல் கண்டுகொள்வதில்லை. புரதத்தின் முதுகில் ஏறி வந்தால்தான் அடையாளம் காண்கிறது. அத்தகைய சிறு மூலக்கூறுக்கு 1921-இல் ஹாப்டென் என்று பெயரிட்டார். பற்றுதல் என்னும் பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்த பெயர் அது. இந்தச் சொல்லை நண்பர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகிறேன். தோலின் மர்மம் இதில்தான் அடங்கியிருக்கிறது.

1923-இல் அமெரிக்காவின் ராக்ஃபெல்லர் ஆராய்ச்சி நிலையம் அவரை அழைத்துக்கொண்டது. 1929-இல் அமெரிக்கக் குடிமகனானார். இரத்த வகைகளுக்காக 1930-இல் நோபல் பரிசு வந்தது. அப்போது வயது அறுபத்திரண்டு. பலர் இத்துடன் மாலையை வாங்கிக்கொண்டு ஓய்ந்திருப்பார்கள். லாண்ட்ஸ்டைனர் அதற்குப் பின்னர்தான் தோலைக் கையில் எடுத்தார்.

சுண்ணாம்பும் கவரிங் தோடும்

அவர் எடுத்துக்கொண்ட பிரச்சினை எது என்பதை நம் வீட்டு உதாரணங்களால் விளக்குகிறேன்.

வெற்றிலையில் சுண்ணாம்பு கூடினால் வாய் வெந்துபோகும். பாட்டிக்கும் வேகும், பேரனுக்கும் வேகும். இன்றைக்குத்தான் முதன்முதலாகப் போடுகிறவருக்கும் வேகும். அளவைக் குறைத்தால் வேகாது. இது எரிச்சலூட்டும் பொருளின் இலக்கணம். அதன் காரம் நேரே தசையைச் சுடுகிறது. யார் என்பது கேள்வியல்ல; எவ்வளவு என்பதே கேள்வி.

கவரிங் தோட்டை எடுத்துக்கொள்வோம். பத்துப் பெண்கள் அணிகிறார்கள்; ஒன்பது பேருக்கு ஒன்றுமில்லை. ஒருத்திக்கு மட்டும் காது மடல் சிவந்து நீர் கோத்துக்கொள்கிறது. அவளும் முதல் நாளே அவதிப்படவில்லை. பல நாள் அணிந்த பிறகே தொடங்கியது. தொடங்கிய பின்போ, மிகச் சிறிதளவு பட்டாலும் போதும். அதில் உள்ள நிக்கலே காரணம். இது ஒவ்வாமைப் பொருளின் இலக்கணம். நிக்கல் அவளைச் சுடவில்லை. அவள் உடல் நிக்கலை நினைவில் வைத்துக்கொண்டு, மறுபடி கண்டதும் சீறுகிறது.

கண்ணால் பார்த்தால் இரண்டும் ஒரே சிவப்பு, ஒரே வீக்கம். எது எது என்று பிரிப்பது எப்படி? 1895-இல் ஜோசப் யாடசோன் என்னும் தோல் மருத்துவர் ஒரு வழி காட்டியிருந்தார். பாதரச மருந்தால் தோல் வெடித்த நோயாளியின் நலமான தோலில் அதே மருந்தைச் சிறிது ஒட்டி வைத்து, அங்கும் புண் எழுவதைக் கண்டார். ஒட்டுச் சோதனை என்று இன்று மருத்துவர்கள் செய்வது அதுவே. ஆனால் அது ஏற்கெனவே நோய்ப்பட்டவரைச் சோதிக்கும் வழி. ஒரு புதிய பொருள் வருங்காலத்தில் எவருக்கேனும் ஒவ்வாமை உண்டாக்குமா என்று முன்கூட்டியே அறிய அது உதவாது. அந்த இடத்தில் லாண்ட்ஸ்டைனர் வருகிறார்.

நினைவைச் சோதிக்கும் வழி

1935-லும் 1936-லும் ஜான் ஜேக்கப்ஸ் என்பவருடன் சேர்ந்து கட்டுரைகளை வெளியிட்டார். டைநைட்ரோகுளோரோபென்சீன் முதலிய எளிய பொருள்களை மிகச் சிறிய அளவில், பல தவணைகளாகக் கினிப்பன்றிகளின் தோலில் செலுத்தினார்கள். பிறகு சில வாரங்கள் சும்மா விட்டார்கள். அதன்பின் தோலின் வேறோர் இடத்தில் அதே பொருளின் துளி ஒன்றை வைத்து, மறுநாள் பார்த்தார்கள். அதே துளியை, முன்னர் ஏதும் செலுத்தப்படாத கினிப்பன்றியின் தோலிலும் வைத்தார்கள். பழகிய பிராணியின் தோல் சிவந்து தடித்தது. பழகாத பிராணியின் தோல் அப்படிச் சீறவில்லை.

சோதனையின் நியாயம் முழுவதும் இந்த இரண்டாவது பிராணியிடம் இருக்கிறது. இரண்டுமே சிவந்தால் துளி சுடுகிறது என்று பொருள்; அது வெறும் எரிச்சல். முன்னர் சந்தித்தது மட்டும் சிவந்தால், அது நினைவு, ஒவ்வாமை. ஆகவே இறுதியில் வைக்கும் துளி, புதிய தோலைச் சுடாத அளவுக்கு நீர்த்ததாக இருக்க வேண்டும். பிற்காலத்தில் எழுந்த கினிப்பன்றிச் சோதனைகளான 1965-ஆம் ஆண்டு பியூலர் முறையும், 1969-ஆம் ஆண்டு மாக்னுசன், கிளிக்மேன் முறையும் இந்த நியாயத்தையே பின்பற்றின. எரிச்சலை மட்டும் அளப்பதற்கு 1944-இல் டிரெய்ஸ் என்பவர் முயல் தோலில் வேறொரு சோதனை வகுத்தார். அதில் நினைவுக்கு இடமில்லை. ஒரே முறை வைத்து, எவ்வளவு சிவக்கிறது என்று பார்ப்பதுதான்.

லாண்ட்ஸ்டைனர் அத்துடன் நிற்கவில்லை. இரசாயனம் பயின்ற மருத்துவர் அல்லவா? குளோரினும் நைட்ரோ தொகுதிகளும் வெவ்வேறு இடங்களில் அமைந்த பென்சீன் சேர்மங்களை வரிசையாகச் சோதித்தார். சில ஒவ்வாமை தந்தன, சில தரவில்லை. காரணம் என்ன? எந்தச் சேர்மத்தில் குளோரின் தளர்ந்து நின்று, அனிலீன் போன்ற அமீனோடு எளிதில் வினைபுரிகிறதோ, அதுவே ஒவ்வாமை தந்தது. குளோரின் இறுகப் பிடித்துக்கொண்டிருந்த சேர்மம் தோலில் ஊமையாக இருந்தது. பழைய ஹாப்டென் கதைதான்! தோலிலுள்ள புரதத்தைப் பற்றிக்கொள்ளும் வல்லமை இருந்தால்தான் உடல் அதை அந்நியமாகக் காணும். கரு நைட்ரோ தொகுதிகளால் வலுவிழந்து, குளோரின் விலக, அமீன் நுழையும் வினையை நாம் பாடமாகப் படிக்கிறோம். அந்த வினை நம் உள்ளங்கையிலும் நடக்கக்கூடும் என்பதைப் பாடம் சொல்வதில்லை.

1942-இல், எழுபத்து மூன்றாம் வயதில், மெரில் சேஸ் என்னும் இளைஞருடன் இன்னொரு கேள்விக்கு விடை கண்டார். அந்த நினைவு உடலில் எங்கே இருக்கிறது? ஒவ்வாமை கொண்ட கினிப்பன்றியின் தெளிநீரை மற்றொன்றுக்குச் செலுத்தினால் தோலின் ஒவ்வாமை பரவவில்லை. அதன் வெள்ளணுக்களை உயிரோடு எடுத்துச் செலுத்தியபோது பரவியது. நினைவு அணுக்களில் இருந்தது. டி அணுக்கள் என்று பின்னர் பெயர் பெற்ற அணுக்களின் வேலை இது.

1940-இல் அலெக்சாண்டர் வீனருடன் சேர்ந்து ஆர்எச் காரணியையும் கண்டறிந்திருந்தார். அடையாளச் சீட்டில் எழுத்துக்குப் பக்கத்தில் நிற்கும் கூட்டல் குறியும் கழித்தல் குறியும் அவர் தந்தவையே. 1943 ஜூன் 24 அன்று சோதனைச்சாலை மேசையில், கையில் பிப்பெட்டுடன் இருந்தபோது மாரடைப்பு வந்தது. இரண்டு நாள் கழித்து, ஜூன் 26 அன்று, தம் நிலையத்தின் மருத்துவமனையிலேயே உயிர் நீத்தார். வயது எழுபத்தைந்து.

இன்றைய சோதனைச்சாலையில்

அவருக்குப் பின் சோதனைகள் மாறின. கினிப்பன்றிக்குப் பதில் எலியின் காதில் பொருளைத் தடவி, அருகிலுள்ள நிணநீர்க் கணுவில் அணுக்கள் மூன்று மடங்கு பெருகுகின்றனவா என்று பார்க்கும் முறை 2002-இல் உலக ஏற்புப் பெற்றது. நல்ல முறைதான், ஆனால் அதுவும் ஏமாந்தது. புரதங்களைப் பிரிக்கும் ஜெல்லில் நாம் ஊற்றும் எஸ்.டி.எஸ். வெறும் எரிச்சலூட்டி. எலிச் சோதனையோ அதை ஒவ்வாமைப் பொருள் என்று காட்டிவிட்டது. எரிச்சலும் கணுக்களைக் கிளறக்கூடும். மறுபுறம், உலகம் அறிந்த குற்றவாளியான நிக்கலை அது பல முறை விட்டுவிட்டது. நிரபராதியைப் பிடித்துக் குற்றவாளியை விட்ட கதை.

இப்போது பிராணிகளைத் துன்புறுத்தாத வழிகள் வந்திருக்கின்றன. நம் நாட்டில் அழகுப் பொருள்களைப் பிராணிகளில் சோதிப்பது 2014-இல் தடை செய்யப்பட்டது. எரிச்சலை அறிய, கண்ணாடிக் கிண்ணத்தில் வளர்த்த மனிதத் தோலின் மீது பொருளை வைத்து, அணுக்களில் பாதியேனும் உயிரோடு இருக்கின்றனவா என்று பார்க்கிறார்கள். ஒவ்வாமையை அறியும் சோதனைகளில் ஒன்று என்னை மிகவும் கவர்ந்தது. சிஸ்டீன் கொண்ட சிறு பெப்டைடு ஒன்று, லைசீன் கொண்டது ஒன்று. இவற்றோடு சோதிக்க வேண்டிய பொருளைக் கலந்து ஒரு நாள் வைக்கிறார்கள். பெப்டைடு எவ்வளவு குறைந்தது என்று அளக்கிறார்கள். பொருள் அதைப் பற்றிக்கொண்டிருந்தால் அளவு குறையும். 2015-இல் ஏற்கப்பட்ட முறை இது. அனிலீனுக்குப் பதில் லைசீன். மற்றபடி லாண்ட்ஸ்டைனரும் ஜேக்கப்சும் கேட்ட அதே கேள்வி! ஒரு சோதனை ஒரு படியை மட்டுமே காட்டும் என்பதால், தோல் அணுக்களிலும் வெள்ளணு வகைகளிலும் செய்யும் சோதனைகளையும் சேர்த்து, மூன்றில் இரண்டு ஒத்தால் முடிவு கூறலாம் என்ற விதியை 2021-இல் வகுத்தார்கள்.

நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். நம் அலமாரிப் புட்டிகளில் எரிச்சலூட்டிக்கும் தோல் ஒவ்வாமைப் பொருளுக்கும் ஒரே ஆச்சரியக்குறிப் படம்தான் ஒட்டியிருக்கிறது. படத்தைப் பார்த்தால் பிரிக்க முடியாது. கீழே உள்ள வரியைப் படிக்க வேண்டும். எச் 315 என்றால் தோலுக்கு எரிச்சல். கை பட்டால் உடனே கழுவுங்கள், ஆறிவிடும். எச் 317 என்றால் ஒவ்வாமை. இன்று ஒன்றும் ஆகவில்லையே என்று இறுமாந்துவிடாதீர்கள். உடல் பார்த்துக்கொண்டிருக்கிறது. ஒரு முறை அது மனத்தில் பதித்துக்கொண்டால் பெரும்பாலும் ஆயுள் முழுதும் மறப்பதில்லை. பெப்டைடு இணைப்புக்கு டி.சி.சி. எடுக்கும் நண்பர்கள் இதை இருமுறை படிக்க வேண்டும்.

அப்பாவின் முதுகு

சென்ற ஆண்டு அப்பாவை வற்புறுத்தித் தோல் மருத்துவரிடம் அழைத்துச் சென்றேன். திங்கட்கிழமை அவர் முதுகில் வரிசையாகச் சிறு ஒட்டுக்களை இட்டார்கள். புதன்கிழமை பிரித்தபோது இரண்டு இடங்கள் சிவந்திருந்தன. மருத்துவர் ஒன்றும் முடிவு சொல்லாமல் வெள்ளிக்கிழமை வரச் சொன்னார். அதன் காரணம் எனக்குப் புரிந்தது. எரிச்சல், ஒட்டை எடுத்ததும் தணியத் தொடங்கும்; ஒவ்வாமை, எடுத்த பிறகும் வளரும். வெள்ளிக்கிழமை பார்த்தால், ஓரிடம் இருந்த சுவடே இல்லை. மற்றோரிடம் தடித்துச் சிறு கொப்புளங்களோடு நின்றது. அந்த இடத்தில் வைக்கப்பட்டது பொட்டாசியம் டைகுரோமேட்.

அந்தப் பெயரைக் கேட்டதும் எனக்கு உடல் சிலிர்த்தது. எத்தனை டைட்ரேஷன்களில் அந்த ஆரஞ்சு நிறக் கரைசலைப் பியூரெட்டில் நிரப்பியிருக்கிறேன்! சிமெண்டில் குரோமேட் மிகச் சிறிதளவு கலந்திருக்கிறது. ஈரச் சிமெண்டின் காரம் எல்லோர் கையையும் சுடும். அது சுண்ணாம்பின் இனம். அதில் உள்ள குரோமேட்டோ சிலரை மட்டும் தேர்ந்தெடுக்கும். அது கவரிங் தோட்டின் இனம். ஒரே மூட்டையில் இரண்டு எதிரிகள். பத்தாண்டு ஒன்றும் செய்யாமல் இருந்து, பிறகு ஒருநாள் திரும்பியது ஏன் என்பதற்கும், உடனிருந்தோருக்கு வராமல் அவருக்கு மட்டும் வந்தது ஏன் என்பதற்கும் அந்தக் கொப்புளங்களே விடை. இது தீர்க்க முடியாத விதியும் அன்று. இரும்பு சல்ஃபேட்டைச் சிறிது சேர்த்தால் சிமெண்டின் குரோமேட் வீரியம் இழக்கிறது. டென்மார்க்கில் 1980-களிலேயே அப்படிச் செய்தார்கள். ஐரோப்பிய நாடுகளில் 2005 முதல், பத்து லட்சத்தில் இரண்டு பங்குக்கு மேல் கரையும் குரோமேட் கூடாது என்பது சட்டம். அறிவு கூலிக்காரன் கை வரை வந்து சேர வேண்டும், அதுதான் பாக்கி.

அப்பா மருத்துவரின் சீட்டை வாங்கி, படிக்கத் தெரியாவிட்டாலும் நெடுநேரம் பார்த்தார். அதை நாலாக மடித்து, ரேஷன் அட்டை இருக்கும் பெட்டியில் வைத்தார். இழந்த கூலி திரும்பாது. கரண்டியையும் அவர் இனித் தொடப் போவதில்லை. ஆனால் கள்ளத்தனம் என்ற சொல்லை அந்தச் சீட்டு அழித்துவிட்டது. ஊரில் சித்தப்பாவோடு தொலைபேசியில் பேசும்போது அப்பா தம் கையைப் பற்றித் தாமாகவே சொன்னதை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன்.

ஒருவருக்கு ஏற்றது மற்றொருவருக்கு ஏலாமல் போவது குற்றமும் அன்று, நடிப்பும் அன்று என்பதைக் குருதியில் ஒரு முறையும் தோலில் ஒரு முறையும் நிறுவிவிட்டுப் போனார் கார்ல் லாண்ட்ஸ்டைனர். அடுத்த முறை நம் சோதனைச்சாலையில் ஒரு தோழரின் கை சிவந்தால், அவர் கவனக்குறைவைப் பேசுவதற்கு முன் இரண்டு கேள்விகளைக் கேட்போம்: எல்லோருக்குமா, இவருக்கு மட்டுமா? முதல் முறையா, மறு முறையா? அந்த அறிஞருக்கு நாம் செய்யக்கூடிய நன்றி அதுவே.